வீட்டுச் சாப்பாடு

மணி எதைக் கொடுத்தாலும் தின்னும். இந்த எளிய விஷயத்தின் அர்த்தம் எனக்கு விளங்க மூன்று மாதங்கள் ஆயின. அதற்கான விலையை அதன் முன்னங்கால்கள் கொடுத்தன.

2018 அக்டோபரில், பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சின் அடியில் அது கிடந்தது. ஆறு வாரக் குட்டி என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். தாய் என்ன ஆயிற்றோ. மழை பிடித்துக்கொண்ட நேரம். கருணை மேலிட்டுத் தூக்கி வந்தேன் என்று எழுத ஆசைதான். தூக்கி வந்தது என் மனைவி, நான் குடை பிடித்தேன். பெயர் மட்டும் நான் வைத்தது. நாய்க்கு மணி என்று பெயர் வைக்கக் கற்பனை எதுவும் வேண்டியதில்லை. கற்பனை வேண்டாத காரியம் ஒன்றையாவது செய்துவிடுவோம் என்று வைத்தேன்.

என்ன கொடுத்து வளர்ப்பது என்பதில் வீட்டில் விவாதமே எழவில்லை. குட்டிகளுக்கென்று கடையில் மூட்டையாக விற்கும் உருண்டைகளைப் பற்றி எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் இருந்தது. லட்சக்கணக்கில் அச்சாகும் பத்திரிகைகளைப் பற்றி நான் நாற்பது வருஷமாக வைத்திருக்கும் அபிப்பிராயமேதான் அது: ஒரே மாதிரியாக, எந்த வாய்க்கும் பொருந்தும்படியாக, எவர்மீதும் அக்கறையில்லாமல் செய்யப்படுவது. வீட்டில் வேகவைத்தது, கையால் பிசைந்தது, இன்னாருக்கென்று தெரிந்து வைத்தது – இதற்கு ஈடாக எது இருக்க முடியும்? இதை நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. யோசிக்காமலே உண்மையாகிவிடும் விஷயங்களில் ஒன்றாக அது எனக்குள் இருந்தது.

முதல் மாதம் பாலும் சோறும். பசும்பால் குட்டிக்குக் கனம் என்று கேள்விப்பட்டிருந்ததால் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டோம். (நாயின் பால் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பும் புரதமும் உள்ளது, சர்க்கரை மட்டும்தான் குறைவு என்று பின்னால் படித்தேன். கனமானதை நீர்க்க வைத்ததாக நினைத்தேன். ஏற்கெனவே நீர்த்திருந்ததை இன்னும் நீர்க்க வைத்திருக்கிறேன்.) பிறகு பருப்புச் சோறு, தயிர்ச் சோறு. சில நாட்கள் சாம்பார்ச் சோறும் – வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பது தெரியாமல். மூன்றாம் மாதம் அதற்குக் கோழி. தினம் காலையிலும் மாலையிலும், உப்பில்லாமல் வேகவைத்த கோழிக் கறியைச் சோற்றோடு பிசைந்து வைத்தோம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி தின்கிறவர்கள். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று எச்சரித்திருந்தார்கள்; அது உண்மையும்கூட. ஆகவே ஒவ்வொரு துண்டையும் விரலால் நசுக்கிப் பார்த்து, ஒரு சிறு எலும்புகூட விடாமல் எடுத்துப்போட்டேன். இதற்குத் தினம் அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரத்தில் நான் நல்லவனாக இருப்பதாக உணர்ந்தேன். வேறு எந்த வேலையிலும் இந்த உணர்ச்சி எனக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில்லை.

மணி அத்தனையையும் ஒரு நிமிஷத்தில் தின்று, கிண்ணத்தை நக்கி, அதைச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகும். வால் ஆடும். அந்த வாலை நான் ஒரு விமரிசனமாக எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி மத்தியில், பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து, அது வாசற்படியில் ஏற மறுத்தது. சோம்பல் என்றேன். மறுநாள் தூக்கியபோது கத்தியது. மனைவி அதைத் தரையில் விட்டுவிட்டு முன்னங்கால்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் வளையுதுங்க."

"குட்டிக்கு அப்படித்தான் இருக்கும்."

"பத்து நாளா நான் பார்த்துட்டிருக்கேன். நீங்க அது திங்கறதைத்தான் பார்க்கறீங்க."

டாக்டர் இளவயதுப் பெண். என்ன சாப்பிடுகிறது என்று கேட்டார். நான் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, "எலும்பு எங்க இருக்குன்னு காட்டுங்க சார்," என்றார். கேலியில்லை, நான் பார்க்கவேண்டும் என்றே கேட்டார். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகவும் சதை சாம்பலாகவும் தெரியவேண்டும். இந்தப் படத்தில் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே சாம்பல். எலும்பின் ஓரமாகப் பென்சிலால் கோடு கிழித்ததுபோல ஒரு மெல்லிய வெளுப்பு, அவ்வளவுதான். பின்னங்கால் எலும்பு ஒன்று, பச்சைக் குச்சியை வளைத்தால் ஒடியாமல் மடங்குமே, அப்படி மடங்கியிருந்தது. யாரும் அடிக்கவில்லை, எங்கிருந்தும் விழவில்லை. தன் உடம்பைத் தாங்கி நின்றதில் மடங்கியது.

அவர் விளக்கியது இது. சதையில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச் சத்து இல்லையென்றே சொல்லலாம். கோழிக்கறியில் பாஸ்பரஸ் சுண்ணாம்பைப்போலப் பத்து மடங்குக்கும் மேல்; வளரும் குட்டிக்கோ சுண்ணாம்புதான் சற்றுக் கூடுதலாக, குறைந்தது சமமாகவாவது இருக்கவேண்டும். ரத்தத்தில் சுண்ணாம்பு ஓர் அளவுக்குக் கீழே போனால் இதயமும் தசையும் இயங்கா. ஆகவே உடம்பு அந்த அளவைக் காப்பாற்றியே தீரும். கழுத்தில் தைராய்டை ஒட்டியிருக்கும் சிறு சுரப்பிகள் நான்கு இந்த வேலையைச் செய்கின்றன. உணவில் வரவில்லையானால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். வரவரக் கொடுத்துக்கொண்டே இருக்கும். குட்டி விளையாடும், தின்னும், எடைகூட ஏறும். உள்ளே வீட்டின் உத்தரத்தை உருவி அடுப்பெரித்துக்கொண்டிருக்கும் காரியம் நடக்கிறது என்பது வெளியே தெரிவதற்கில்லை.

"பட்டினி போட்ட குட்டிக்கு இது வர்றது குறைவு சார். அன்பா வளர்க்கற வீட்லதான் அதிகம் பார்க்கறோம்," என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐந்து கிலோ எடையுள்ள, வளர்கிற குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 700 கலோரி வேண்டும். ஆயிரம் கலோரிக்கு 3 கிராம் சுண்ணாம்புச் சத்து என்பது அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2006-இல் குட்டிகளுக்குச் சிபாரிசு செய்த அளவு. ஆக நாளொன்றுக்கு 2 கிராம். இதைக் கோழிக்கறியிலிருந்து பெறுவதானால் பதினைந்து கிலோவுக்கு மேல் கறி வேண்டும். தண்ணீர் விடாத பாலானால் ஒன்றேமுக்கால் லிட்டர் அளவில். தானியங்களில் சுண்ணாம்புக்குப் பேர்போன கேழ்வரகானாலும் அரைக் கிலோவுக்கு மேல் மாவு. அதிலும் தானியத்தின் உமிச் சத்து சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக்கொண்டு முழுவதையும் விடாது. வீசியெறியும் ஒரு முட்டை ஓட்டில் மட்டும் ஏறக்குறைய இரண்டு கிராம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த ஓடுகள் ரோஜாத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. ரோஜா நன்றாகவே இருந்தது.

இந்தக் கணக்குக்கு எட்டாம் வகுப்புப் பெருக்கல் போதும். மூன்று மாதத்தில் ஒருநாள்கூட அதைப் போட எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. அன்பு இருக்கும் இடத்தில் அளவு எதற்கு என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்து எனக்குள் உட்கார்ந்திருந்தது. அளப்பவன் கடைக்காரன், நாம் அள்ளிப் போடுகிறவர்கள்.

பக்கத்து வீட்டு ஆச்சிக்குத் தொண்ணூறை நெருங்கும் வயது. விஷயம் கேள்விப்பட்டு வந்து, "எய்யா, எங்க ஊர்ல நாய்க்கு எவன் சுண்ணாம்பு நிறுத்துப் போட்டான்? கூழ் குடிச்சே வளரல?" என்று கேட்டாள். எனக்கும் கேட்கத் தோன்றிய கேள்விதான். அந்த நாய்கள் கூழ் மட்டும் குடிக்கவில்லை என்பது ஒரு பதில். எலியைத் தின்றன, கோழிக் குடலைத் தின்றன, கசாப்புக் கடைப் பச்சை எலும்பைக் கடித்தன. எலும்பைப் பொறுக்கிப்போட ஒரு இலக்கியவாதி அவற்றுக்கு வாய்க்கவில்லை. இன்னொரு பதில் கொஞ்சம் கடுமையானது. மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகள் 364-ஐப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2016-இல் வெளியாயிற்று. அவற்றில் ஏழாம் மாதத்தைக் கண்டவை 19 சதவீதம். சாவுக்குக் காரணங்கள் பல, பெரும்பகுதி மனிதர்கள் சம்பந்தப்பட்டவை, உணவு மட்டுமல்ல. ஆனால் நான் சொல்லவருவது வேறு. ஆச்சியின் நினைவில் இருப்பவை வளர்ந்த நாய்கள். வளராதவை நினைவில் நிற்கவில்லை. மரபைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் இந்தக் கணக்கு விட்டுப்போகிறது என்று நினைக்கிறேன். மிஞ்சியதைக் காட்டி வழி சரியென்கிறோம். மிஞ்சாதது சாட்சி சொல்ல வருவதில்லை.

ஆச்சியிடம் இதைச் சொல்லவில்லை. அவள் பெற்றது ஒன்பது, வளர்ந்தது நான்கு.

இந்தச் சமயத்தில்தான் எட்வர்ட் மெல்லன்பி என்ற ஆங்கிலேயரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டனின் ஆலை நகரங்களில் ஏழைக் குழந்தைகளின் கால்கள் வளைந்துகொண்டிருந்தன. ரிக்கெட்ஸ். காரணம் காற்று என்றார்கள், இருட்டு என்றார்கள், வளர்ப்பு சரியில்லை என்று தாய்மார்களைச் சொன்னார்கள். மெல்லன்பி லண்டனில் நாய்க்குட்டிகளை எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள்ளேயே அடைத்துவைத்து, அளவான பாலும் ஓட்ஸ் கஞ்சியும் ரொட்டியுமாகக் கொடுத்தார். அன்றைய ஏழை வீட்டுச் சாப்பாட்டிலிருந்து அது அதிகம் விலகியதில்லை. குட்டிகளின் கால்கள் வளைந்தன. சிலவற்றுக்கு மட்டும் காட் மீனின் ஈரல் எண்ணெயையோ வெண்ணெயையோ சேர்த்தார். அவை வளையவில்லை. 1919-இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார். எண்ணெயில் இருந்த பொருளை அவர் வைட்டமின் ஏ என்று ஊகித்தார்; 1922-இல் மெக்கல்லம் அது வேறொன்று என்று நிறுவி அதற்கு டி என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் கால்கள் நேராயின. இதில் தாய்மார்களின் அன்புக்கு எந்தப் பங்கும் இருக்கவில்லை, வளைந்ததிலும் சரி, நேரானதிலும் சரி.

மணிக்கு வந்தது அதே நோய் அல்ல. அங்கே குறைந்தது வைட்டமின், இங்கே சுண்ணாம்பு. மருத்துவர்கள் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் அந்தச் சோதனைச் சாலையின் கிண்ணத்தை என்னால் அந்நியமாகப் பார்க்க முடியவில்லை. தானியம், பால், அடைத்த வீடு. நூறு வருஷம் முன்பு ஒருவர் தெரிந்தே, குறிப்பெடுத்துக்கொண்டு செய்ததை நான் தெரியாமல், தடவிக்கொடுத்துக்கொண்டு செய்திருக்கிறேன். அவருடைய குட்டிகளுக்கும் என் குட்டிக்கும் எலும்பில் நடந்தது என்னவோ ஒன்றுபோலத்தான். இந்த இடத்தில் நல்லெண்ணம் என்பது எங்கே போய் நிற்கிறது? எனக்கு விடை தெரியவில்லை. அவரைக் கொடூரமானவர் என்று சொல்லிவிடலாம். அவருடைய கொடூரத்தால்தான் என் டாக்டருக்குப் படத்தைப் படிக்கத் தெரிந்திருந்தது. என் அன்பிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொண்டிருக்க முடியாது. நான் எதையும் எழுதிவைக்கவில்லை.

தினம் காலை மணியை வாசலில் இளவெயிலில் கிடத்தி வைட்டமின் டி ஏற்றிக்கொண்டிருந்ததையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நம் தோலைப்போல நாயின் தோல் வெயிலிலிருந்து அதைப் போதுமான அளவு தயாரித்துக்கொள்வதில்லை, உணவில்தான் வரவேண்டும். 1994-இல் நெதர்லாந்தில் இதைக் காட்டினார்கள். மணிக்கு வெயில் பிடித்திருந்தது. அதை மறுப்பதற்கில்லை.

டாக்டர் இரண்டு காரியங்கள் சொன்னார். ஆறு வாரம் சின்ன இடத்தில் அடைத்து வைக்கவேண்டும், துள்ளவிடக் கூடாது. அதுவரை மூட்டை உணவு மட்டும். "உங்க சமையல் வேண்டாம் சார், இப்போதைக்கு."

கடைக்குப் போய் மூட்டை வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவரும்போது யாராவது நண்பர் எதிரே வந்துவிடக் கூடாதே என்று இருந்தது. அற்பமான உணர்ச்சிதான், ஆனால் இருந்தது. மூட்டையின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல்: சுண்ணாம்பு இவ்வளவு, பாஸ்பரஸ் இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு. அந்த எழுத்தில் அன்பு கிடையாது. யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பது இருந்தது. இதனால் மூட்டை புனிதமாகிவிடவில்லை. 2007-இல் மெலமைன் கலந்த கோதுமைப் பசையத்தால் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. அந்தப் பொட்டலங்களின் மேலும் பட்டியல் அச்சிடப்பட்டிருந்தது. எண்ணுகிறவன் பொய் சொல்லலாம். ஆனால் எண்ணாதவனால் பொய்கூடச் சொல்ல முடியாது. அவன் சொல்வதைச் சரிபார்க்க அதில் ஒன்றுமே இல்லை.

என் புத்தி எதிர்த்திசையில் ஓடியதையும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புதானே குறை என்று மருந்துக் கடையில் கால்சியம் டானிக் இரண்டு பாட்டில் வாங்கி, மூட்டை உணவின் மேல் ஊற்றப்போனேன். டாக்டர் தடுத்தார். குட்டியின் குடலுக்கு வேண்டாததை மறுக்கத் தெரியாது. கொடுத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். 1980-களில் உட்ரெக்ட்டில் கிரேட் டேன் குட்டிகளுக்கு அளவுக்கு மீறிச் சுண்ணாம்பு கொடுத்து வளர்த்தபோதும் எலும்பு கோணலாகத்தான் வளர்ந்தது. ஆக, குறைத்தவனும் கூட்டியவனும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். குற்ற உணர்ச்சியால் ஊற்றுவதும் பெருமையால் அள்ளிப் போடுவதும் அளக்காத ஒரே கையின் காரியங்கள்.

பத்தாம் நாள் மணி கத்தாமல் எழுந்து நின்றது. ஆறாவது வாரப் படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வெளுப்பை நான் பார்த்ததுபோல எந்த ஓவியத்தையும் பார்த்ததில்லை.

நண்பர் ஒருவர், நம் இதழ்களில் எழுதுகிறவர், இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் கடைசியில் வணிகச் சரக்குதான் ஜெயித்தது என்கிறீர்களா?" என்றார். இல்லை. ஒரு வயது கடந்ததும் மணிக்கு மறுபடி வீட்டில்தான் சமைக்கிறோம். சோறு, எலும்பில்லாத கோழி, வாரத்தில் இரண்டு நாள் கொஞ்சம் ஈரல், சாளை மீன், முட்டை, பரங்கிக்காய், டாக்டர் எழுதிக்கொடுத்த தாதுப் பொடி, நுண்ணியதாக அரைத்த முட்டை ஓடு. எல்லாம் தராசில். இந்தப் பட்டியலைக் கண்டு யாரும் தங்கள் குட்டிக்கு வைக்க வேண்டாம்; இது ஒரு வளர்ந்த நாய்க்கு, அதன் எடைக்குப் போட்ட கணக்கு. 2013-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நாய்களுக்கான வீட்டுச் சமையல் குறிப்புகள் 200-ஐப் புத்தகங்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் திரட்டிச் சோதித்தார்கள். 95 சதவீதத்தில் அத்தியாவசியச் சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. அவை வளர்ந்த நாய்களுக்கானவை. குட்டிக்கு வேண்டியது அதைவிட அதிகம். எழுதியவர்கள் எல்லாரும் நாயை நேசித்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஆகவே என் சங்கடம் வீடா கடையா என்பதில் இல்லை. கையால் செய்தது, குறைந்த பேருக்காகச் செய்தது, லாபமில்லாமல் செய்தது – இவற்றை நாம் ஒரு தகுதியாகவே பாவித்துவிட்டோம். முந்நூறு பிரதி அச்சடித்து, நாமே தபால்தலை ஒட்டி அனுப்பிவிட்டு, அந்தப் பிரயாசையையே உள்ளே இருப்பதன் தரத்துக்குச் சான்றாகக் காட்டுகிறோம். நான் காட்டியிருக்கிறேன். வாசித்தவர் பாராட்டினால் சரியாகப்போயிற்று என்று இருந்திருக்கிறேன். எலும்பை எடுத்துப் பிசைந்த அரைமணி நேரத்தில் என்னிடம் இருந்த அந்த நல்லவன் உணர்ச்சி, கட்டுரை எழுதி முடித்த இரவுகளிலும் இருந்திருக்கிறது. அந்த எழுத்தைத் தின்று யாருடைய எலும்பு வெளுத்தது, யாருடையது கரைந்தது என்பதற்கு என்னிடம் படம் எதுவும் இல்லை. இதை ஒரு முடிவாகச் சொல்லவில்லை. தராசின் முன் நிற்கும்போது நினைவுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

மணியின் இடது முன்னங்கால் மணிக்கட்டில் சற்று வெளிப்புறமாகத் திரும்பித்தான் இருக்கிறது. அது இனி மாறாது. ஓடுவதில் குறையில்லை, திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் சறுக்கும். பார்க்கிறவர்கள் பிறவியிலேயே அப்படி என்று நினைக்கிறார்கள். மனைவி திருத்துவதில்லை. நானும் முதலில் திருத்தாமல் இருந்தேன், இப்போது சொல்லிவிடுகிறேன்.

காலையில் கிண்ணத்தை வைத்தால் அதே ஒரு நிமிஷம்தான். தின்றுவிட்டு, நக்கிவிட்டு, கிண்ணத்தைச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறது. வால் ஆடுகிறது. தண்ணீர் விட்ட பாலுக்கும் அது இப்படியேதான் ஆடியது.